ஜிபி9 மாதிரி எஞ்சின் ஒன்றின் பழுதும் குரலும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் 7048 எண் கொண்ட, ஜிபி9 ரக டீசல் எஞ்சின் இன்று ஆல்டூனா நகருக்கு அருகிலுள்ள ஹார்ஸ்ஷூ கர்வ் வளைவில் காட்சிக்கு நிற்கிறது. பழுதுபார்க்க என்னிடம் வந்தது அதன் மாதிரி. எச்ஓ அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு, 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுவது. 1990-களில் தயாரான அந்த மாதிரிக்கு 7048 என்ற எண்ணை உரிமையாளரே ஒட்டியிருந்தார். அந்த வளைவுக்கு அடிக்கடி போய்வரும் ஓய்வுபெற்ற மனிதர் அவர்.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. மெதுவாக ஓடும்போது எஞ்சின் நொண்டுகிறது. பாதை பிரியும் இடங்களில் சில நேரம் தடம்புரள்கிறது. இரண்டையும் சரிசெய்து டிஜிட்டல் ஒலியும் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டார். அதற்கான டீகோடரைக்கூட (கட்டளைகளை ஏற்று மோட்டாரையும் ஒலியையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வாங்கி வைத்திருந்தார்: ஜெர்மனியின் இஎஸ்யூ நிறுவனம் செய்யும் லாக்சவுண்ட் 5. ஒலி வந்துவிட்டால் நொண்டல் அவ்வளவாகத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

நடப்பது இதற்கு நேர்மாறு. ஒலி இல்லாத எஞ்சினை நாம் பெரும்பாலும் வேகமாகத்தான் ஓட்டுகிறோம். ஒலி வந்ததும் யாராக இருந்தாலும் நடை வேகத்தில் ஓட்டி, எஞ்சின் உறுமுவதைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வேகத்தில்தான் எல்லாக் குறைகளும் வெளியே வரும். அதோடு டீகோடர் உள்ளே போனபிறகு கோளாறு பற்சக்கரத்திலா, மோட்டாரிலா, மின்தொடர்பிலா, நிரலிலா என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆகவே இந்த வேலையில் ஒலிக்குக் கடைசி இடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். டீகோடர் பெட்டி பிரிக்கப்படாமலேயே அலமாரிக்குப் போனது.

மேல்கூட்டைக் கழற்றி, சாதாரண நேர்மின்சாரத்தில் ஆமை வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். நொண்டல் ஒழுங்கான இடைவெளியில் வந்தது. ஒரு ‘டக்’குக்கும் அடுத்த ‘டக்’குக்கும் நடுவே எஞ்சின் நகர்ந்த தூரத்தைத் தண்டவாளத்தில் குறித்து அளந்தேன், ஏறத்தாழ 37 மி.மீ. இந்த எண்ணே பாதி விடையைச் சொல்லிவிட்டது. அசல் ஜிபி9-இன் சக்கர விட்டம் 40 அங்குலம். எச்ஓ அளவில் அது 11.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சுற்றளவு 37 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆகவே சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஒரு ‘டக்’. கோளாறு மோட்டாரிலோ, அதன் தண்டிலோ, தண்டோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலோ இருந்திருந்தால் ஒரே சக்கரச் சுற்றுக்குள் பலமுறை தட்டியிருக்கும், ஏனென்றால் அவை சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்பவை. அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் போதும், பாதி எஞ்சினைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

போகிகளின், அதாவது எஞ்சினின் அடியில் முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களின், அடிமூடியைத் திறந்து அச்சுகளை வெளியே எடுத்தேன். இந்த வகை மாதிரிகளில் அச்சு ஒரே துண்டு அல்ல. இடச்சக்கரத்துக்கு ஒரு பாதி அச்சு, வலச்சக்கரத்துக்கு ஒரு பாதி. இரண்டையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் துளைக்குள் இரு பக்கமிருந்தும் அழுத்திச் செருகியிருப்பார்கள். இடத் தண்டவாளமும் வலத் தண்டவாளமும் மின்சாரத்தில் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பிடிமானம் வேண்டும் என்பதால் உலோக அச்சு துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். அந்த மயிரிழைதான் வினை. பற்சக்கரம் பொருத்தப்பட்ட நாள் முதல் உள்ளிருந்து விரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், பெட்டியிலேயே தூங்கினாலும், பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அது இரு பற்களுக்கு நடுவே வெடித்துவிடும்.

உருப்பெருக்கி வழியே பார்த்தபோது முன் போகியின் ஓர் அச்சில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. விரிசல் விழுந்த இடத்தில் பல்லிடைவெளி கூடிவிடுகிறது. அந்த இடம் சுற்றி வரும்போது அடுத்த பற்சக்கரத்தின் பல் அதில் ஒழுங்காக அமராமல் ஏறி இறங்குகிறது. நொண்டலுக்குக் காரணம் அதுதான். தடம்புரளலுக்கும் அதுவே காரணம்: பிடி தளர்ந்ததால் பாதி அச்சு மெல்ல வெளியே நழுவி, சக்கரங்களுக்கு இடையிலான அளவு கூடிப்போயிருந்தது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் அளவுத் தகட்டில் வைத்துப் பார்த்தபோது அந்தச் சக்கரங்கள் பொருந்தவே இல்லை. உரிமையாளர் அதுவரை தம் பாதையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிரிவுப் பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டும் இருக்கிறார்.

விரிசலைப் பசை போட்டு ஒட்டலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. இப்படிப்பட்ட வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை நிற்பதில்லை. நின்றாலும் உள்ளிருந்து விரிக்கும் விசை அப்படியே இருக்கிறது. மாற்றுப் பற்சக்கரங்கள் தனியே விற்பனைக்குக் கிடைக்கின்றன, விலையும் பெரிதல்ல. விரிசல் விட்டது ஒன்றுதான் என்றாலும் நான்கு அச்சுகளிலும் மாற்றினேன். நான்கும் ஒரே வார்ப்பு, ஒரே வயது. இன்று ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று மேல்கூட்டைத் திறந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பாதி அச்சுகளைச் சுத்தியலால் தட்டிச் செருகக்கூடாது. சிறிய பட்டறைப் பிடியில் வைத்து மெல்ல இறுக்கித் தள்ளவேண்டும், அவ்வப்போது அளவுத் தகட்டில் சரிபார்க்கவேண்டும். முடிந்ததும் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிவிட்டால் ஆட்டம் இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் துலக்கி, பிளாஸ்டிக்கைத் தின்னாத புதிய கிரீஸைக் கொஞ்சமாக வைத்தேன். சுத்தம் செய்வதற்குமுன் 12 வோல்ட்டில் வெறுமனே ஓட 0.45 ஆம்பியர் இழுத்த மோட்டார், பிறகு அதில் பாதிக்கும் குறைவாக இழுத்தது. இதோடு இன்னொரு அளவையும் எடுத்துவைத்தேன். 12 வோல்ட் கொடுத்து, ஃப்ளைவீலை விரலால் ஒரு கணம் பிடித்து நிறுத்தும்போது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதே அது. வந்தது 0.9 ஆம்பியர். லாக்சவுண்ட் 5-இன் மோட்டார் வெளியீடு 1.5 ஆம்பியர் வரை தாங்கும் என்பதால் கவலையில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பழைய எஞ்சின்களில் டீகோடரைப் பொருத்தி எரித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

எஞ்சின் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தோடு விட்டிருந்தாலும் நேர்மின்சாரத்தில் யாரும் குறை கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஒலி டீகோடருக்கு அது போதாது. மின்தொடர்பு கணநேரம் அறுந்தால் சாதாரண எஞ்சினை ஃப்ளைவீலின் சுழல்வேகமே இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஒலி டீகோடரோ ஒரு சிறிய கணினி. மின்சாரம் போனால் அணைந்து, வந்தால் முதலிலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் நடுவழியில் ‘மறுபடி ஸ்டார்ட் செய்யும்’ சத்தம் எழுப்புவதைவிடக் கேலிக்கூத்து இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. பின் போகியின் கீழ் ஒரு தாளைச் செருகிவிட்டால் முன் போகி மட்டுமே தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டும். பிறகு தாளை முன்னுக்கு மாற்றிச் சோதிக்கவேண்டும். முன் போகியின் கீழ் தாள் இருந்தபோது மோட்டார் சீராகச் சுழன்றது. பின் போகியின் கீழ் வைத்ததும் விட்டுவிட்டுத் துடித்தது. ஆக இந்த எஞ்சின் இதுவரை பாதிச் சக்கரங்களை நம்பித்தான் ஓடியிருக்கிறது. போகியிலிருந்து வரும் வயர்களைச் சர்க்யூட் போர்டில் சால்டர் செய்யாமல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் தொப்பிகளால் அழுத்திவைத்திருந்தார்கள். அவற்றின் அடியில் உலோகம் கறுத்துப்போயிருந்தது. தொப்பிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு எல்லா வயர்களையும் சால்டர் செய்தேன். அச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகப் பட்டைகளையும் துலக்கினேன்.

இனி டீகோடர். டிசிசி எனப்படும் இந்த டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை 1980-களில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1994-இல் தரநிலை வகுத்தது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். அதன் திசை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். திசை மாற்றத்துக்கு இடையே 58 மைக்ரோ விநாடி என்றால் அது ‘1’. 100 மைக்ரோ விநாடியும் அதற்கு மேலும் என்றால் ‘0’. இந்தச் சரத்தில் தன் முகவரி வந்தால் மட்டும் டீகோடர் கட்டளையை ஏற்று மோட்டாரையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும். எனவே தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு வேறெந்த வழியிலும் மின்சாரம் போகக்கூடாது. மோட்டாரின் இரு கார்பன் பிரஷ்களுக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், தொடர்பில்லை.

எஞ்சினில் 8 முள் சாக்கெட்டுடன் பழைய சர்க்யூட் போர்டு இருந்தது. டீகோடரை அதில் செருகினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இருந்தாலும் போர்டைக் கழற்றிவிட்டேன். அதில் மோட்டாருக்குக் குறுக்கே இரைச்சல் தடுக்கும் கெபாசிட்டர் இருந்தது. இன்றைய டீகோடர்கள் ஒரு விநாடிக்குள் பலமுறை மோட்டாருக்கான மின்சாரத்தை நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜை அளந்து வேகத்தைத் திருத்துகின்றன. குறுக்கே கெபாசிட்டர் இருந்தால் அந்த அளவீடு பொய்யாகிவிடும். பிறகு வண்ணக் குறிப்பின்படி நேரடி இணைப்பு: சிவப்பு வலத் தண்டவாளத்துக்கு, கறுப்பு இடத் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, நீலம் விளக்குகளின் பொது வயர், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. பழைய 1.5 வோல்ட் பல்புகளுக்குப் பதில் வெதுவெள்ளை எல்இடிகளை 1,000 ஓம் ரெசிஸ்டருடன் வைத்தேன். விளக்கைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

ஒலிக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் எந்த டீகோடர், அதில் எந்த ஒலிக்கோப்பு என்பதிலேயே மூழ்கிப்போகிறார்கள். காதுக்கு வந்து சேரும் தரத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரும் அதன் பெட்டியும்தான்.

அசல் ஜிபி9-இல் இருப்பது இஎம்டி நிறுவனத்தின் 567சி எஞ்சின். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், அதனால்தான் அந்தப் பெயர். 16 சிலிண்டர், 1,750 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 16 சிலிண்டர்களும் ஒருமுறை வெடிக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்று. அதாவது விநாடிக்கு சுமார் 73 வெடிப்பு. எட்டாவது நாட்ச்சில், அதாவது வேகப்பிடியின் உச்சப் படியில், 835 சுற்று, விநாடிக்கு சுமார் 223 வெடிப்பு. ஆக அந்த உறுமலின் அடிநாதம் 73 ஹெர்ட்ஸுக்கும் 223 ஹெர்ட்ஸுக்கும் நடுவே இருக்கிறது. கைப்பேசிகளில் வரும் 11-க்கு 15 மி.மீ. ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. அப்படியிருந்தும் நமக்கு டீசல் உறுமல் கேட்பதற்குக் காரணம் மூளையின் உதவி: அடிநாதத்தின் மடங்குகளான மேல்நாதங்கள் ஒழுங்காக வந்தால், இல்லாத அடிநாதத்தையும் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. நம் வேலை அந்த மேல்நாதங்களில் கீழ்ப்பகுதியை முடிந்தவரை காப்பாற்றிக் கொடுப்பது.

அதைக் கெடுப்பது காற்று. ஸ்பீக்கரின் தகடு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். பெட்டியில்லாத ஸ்பீக்கரை மேசையில் வைத்து ஓட்டிக்காட்டினால் தகர டப்பாவுக்குள் கொசு கத்துவதுபோல் இருக்கும். அதையே காற்றுப் புகாத பெட்டியில் ஒட்டினால் ‘வேறு ஸ்பீக்கர் மாற்றினீர்களா’ என்று கேட்பார்கள். உரிமையாளரிடம் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினேன். டீகோடரோடு வந்த ஸ்பீக்கருக்குத் துணையாக அதே அளவில் இன்னொன்றும் வாங்க அங்கேயே சம்மதித்துவிட்டார்.

பெட்டியின் மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்தாலும் பயன் போய்விடும். நான் செய்யும் சோதனை: ஸ்பீக்கரின் தகட்டை விரல் நுனியால் மிக மெல்ல அழுத்தி விடுவேன். பெட்டி அடைத்திருந்தால் தகடு காற்றின் எதிர்ப்போடு தயங்கும். கசிந்தால் தடையே இல்லாமல் போய்வரும். இந்தப் பெட்டியில் வயர் வெளியேறும் துளைதான் கசிந்தது. சிலிக்கோன் பசையால் அடைத்தேன். ஜிபி9-இன் ஹூட் (எஞ்சினை மூடும் மேல்கூட்டின் நீண்ட பகுதி) குறுகலானது என்பதால் இரண்டு பெட்டிகளையும் ரேடியேட்டர் விசிறிகளுக்குக் கீழே முன்பின்னாக வைத்தேன். இடம் போதாமல் மேல் எடைக்கட்டியில் கொஞ்சம் அறுக்கவேண்டி வந்தது. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டையும் இணையாக இணைத்தால் 4 ஓம். லாக்சவுண்ட் 5 ஏற்கும் குறைந்தபட்ச அளவு அதுவே. இணைக்கும்போது இரண்டின் கூட்டல் முனைகளும் ஒரே பக்கம் சேரவேண்டும். மாறினால் ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும், காசும் உழைப்பும் வீண். பழைய லாக்சவுண்ட் 3.5 வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: அது 100 ஓம் ஸ்பீக்கருக்காக வடிவமைத்தது. இன்றைய 8 ஓம் ஸ்பீக்கரை அதில் இணைத்தால் புகைதான் வரும்.

ஒலிக்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிபி9-இல் டர்போ கிடையாது. காற்றை உள்ளே தள்ளுவது ரூட்ஸ் புளோயர். ஆகவே டர்போவின் விசில் கலந்த கோப்பு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் இந்த எஞ்சினுக்குப் பொய். நம் ஊர்க் காதுகள் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வழி வந்த இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஎம்-2 டீசலின் ஃபோர் ஸ்ட்ரோக் தட்டலில் பழகியவை. டீசல் என்றால் அந்தத் துள்ளலைத்தான் அவை தேடும். 567-இல் அது இருக்காது. நம் ரயில்வேயின் டபிள்யூடிபி-4-இல் உள்ள 710 எஞ்சின் இதே குடும்பத்தின் பேரப்பிள்ளை என்றாலும் அதற்கு டர்போ உண்டு. இஎஸ்யூவின் பட்டியலிலிருந்து டர்போ இல்லாத 567 கோப்பை எடுத்து, கணினியோடு இணைக்கும் அவர்களுடைய லாக்புரோகிராமர் கருவி வழியே ஏற்றினேன்.

முகவரிக்கு எஞ்சின் எண்ணையே வைத்தேன். டீகோடரின் அமைப்புகள் ‘சிவி’ எனப்படும் எண்ணிட்ட நினைவிடங்களில் பதியும். நான்கு இலக்க முகவரி சிவி17, சிவி18 என்ற இரு இடங்களில் பிரிந்து அமரும். 7048-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 27, மீதி 136. ஈவோடு 192-ஐக் கூட்டி சிவி17-இல் 219, மீதியை அப்படியே சிவி18-இல் 136. சிவி29-இல் நீள் முகவரிக்கான 32-ஐக் கூட்டினால் முடிந்தது. நவீன கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுவிடும்; ஆனால் ஏதாவது சிக்கும்போது கணக்குத் தெரிந்தவர்தான் வெளியே வருவார். நிரல் பாதையில் (அமைப்புகளை எழுதவும் படிக்கவும் ஒதுக்கிய தனித் தண்டவாளம்) மதிப்புகளைப் படிக்கும்போது எஞ்சின் லேசாகத் துள்ளுவதைப் பார்த்து உரிமையாளர் திடுக்கிட்டார். அது கோளாறு அல்ல. டீகோடருக்குப் பேச வேறு வழியில்லை. ‘ஆம்’ என்று சொல்ல 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டவேண்டும். அதற்கு மோட்டாரைத்தான் பயன்படுத்துகிறது.

மோட்டாரைத் தானாக அளந்துகொள்ளும் வசதியை இயக்க சிவி54-இல் 0 எழுதி, எஃப்1 பொத்தானை அழுத்தவேண்டும். எஞ்சின் ஒரு கணம் முழு வேகத்தில் பாய்ந்து நிற்கும். எதிரே நீண்ட வெற்றுப் பாதை இருக்கட்டும். பற்சக்கரம் விரிசல் விட்ட நிலையில் இதைச் செய்திருந்தால் டீகோடர் அந்த நொண்டலையே இயல்பு என்று அளந்து வைத்திருக்கும்.

மொத்த ஒலியளவு சிவி63. ஆலையிலிருந்து வரும் 180 ஒரு வீட்டு அறைக்கு அதிகம், 90-க்கு இறக்கினேன். அசலில் நூறடி தள்ளி நின்று கேட்கும் எஞ்சின் இங்கே ஓரடி தூரத்தில் ஓடுகிறது, அதைவிட உரக்கக் கத்தினால் பொம்மைத்தனம்தான் தெரியும். ஏழாவது நாட்ச்சுக்கு மேல் ஒரு கிறுகிறுப்பு வந்தது. ஸ்பீக்கர் கிழிகிறதோ என்று உரிமையாளர் பயந்தார். பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பி ஒன்றைத் தொட்டதும் சத்தம் நின்றது. மேல்கூட்டில் அது நுழையும் துளையில் ஒரு பொட்டுப் பசை போதுமானதாக இருந்தது.

மின்சாரம் அறும் கணங்களைத் தாங்க, இஎஸ்யூவின் சிறிய பவர்பேக் (மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெபாசிட்டர் தொகுதி) ஒன்றை ஓட்டுநர் அறைக்குள் வைத்தேன். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. அழுக்குச் சக்கரத்தையும் கறுத்த இணைப்பையும் அப்படியே விட்டுவிட்டு மேலே கெபாசிட்டரைக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எட்டுச் சக்கரமும் ஒழுங்காக மின்சாரம் எடுத்தபிறகு, பிரிவுப் பாதையில் மின்சாரம் இல்லாத சிறு துண்டைக் கடக்க மட்டும் அது உதவவேண்டும். தாள் சோதனையில் தேறாத எஞ்சினுக்கு நான் பவர்பேக் வைப்பதில்லை.

உரிமையாளர் எடுத்துப்போன பிறகு அழைத்தார். ‘டிரைவ் ஹோல்ட்’ வசதிதான் அவரை மயக்கியிருக்கிறது: அதை அழுத்தினால் ரயிலின் வேகம் அப்படியே இருக்க, எஞ்சின் ஒலியை மட்டும் நாட்ச் நாட்ச்சாக ஏற்றி மேட்டில் திணறுவதுபோல் காட்டலாம். வளைவில் கனத்த சரக்கு ரயில் ஏறும் சத்தத்தை அதில் கொண்டுவருகிறார். இப்போது அவர் கேட்பது, அதே தயாரிப்பில் தம்மிடமுள்ள இரண்டாவது ஜிபி9-ஐ இதோடு ஜோடியாக ஓட்ட முடியுமா என்று. அதில் வேறொரு நிறுவனத்தின் பழைய டீகோடர் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டளைக்கு ஒரே வேகத்தில் ஓட, வேக அட்டவணையை ஒவ்வொரு படியாகப் பொருத்தவேண்டும். அதற்கு முன், அந்த எஞ்சினின் நான்கு அச்சுகளையும் கழற்றிப் பற்சக்கரங்களைப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.